மீந்துபோன இரவு மாத்திரைகள்

"போன மாசத்து மாத்திரையெல்லாம் தீர்ந்துடுச்சாங்கய்யா?"

கேட்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கட்டட வேலை. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்தபோது பழைய மாத்திரை அட்டைகளும் சேர்ந்து வந்தன. காலை மாத்திரை அட்டை காலி. இரவு மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"ராத்திரி மாத்திரை ஏன் போடல?"

"சாப்பிட்டுட்டு மாத்திரை போடக் கூடாதுல்லம்மா."

அந்தச் 'சாப்பிட்டுட்டு' சோற்றைப் பற்றியது இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் நாற்பது பேர் வரிசையில் இருந்தார்கள். மருந்தாளுநர் ஒரு கணம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "குறைச்சுக்கங்கய்யா" என்றார். புது அட்டைகளை ஜன்னல் வழியே தள்ளினார். அதற்குள் அடுத்தவர் நோட்டை நீட்டிவிட்டார்.

அத்தைக்கு மாத்திரை வாங்கப் போய் வரிசையில் நின்றிருந்த எனக்கு, அந்த அரை நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. உள்ளே மருத்துவர் அவரிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்டிருப்பார். "எப்பவாவது" என்று பதில் வந்திருக்கும். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் வேறு பதில் வந்து நான் கேட்டதில்லை. ஆனால் அட்டை பொய் சொல்லாது. முப்பது இரவுகளில் எத்தனை இரவு அவர் குடித்தார் என்பதை அந்த அலுமினியத் தாள் எண்ணி வைத்திருக்கிறது. நிலையத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஒரே ஆள் மருந்தாளுநர். குடிநோய், புகையிலை, போதை மாத்திரை ஆகியவற்றுக்கான சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டுமென்றால், அது இந்த ஜன்னல் வழியாகத்தான் வர முடியும் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதில் பாதி உண்மை. சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடு, கிளிபிசைடு வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 'போதையில் கிடக்கிறார்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விடியும்போது ஆள் இருக்க மாட்டார். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை அதே காரணத்துக்காக மாதத்தில் இருபது நாள் விட்டால் பக்கவாதத்தில் போய் முடியலாம். எந்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது, எதைச் சோறு சாப்பிடாமல் போடக் கூடாது, எதற்காக மருத்துவரிடம் மறுபடி போய் மருந்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்று மாத்திரை மாத்திரையாகப் பிரித்துச் சொல்ல ஓர் ஆள் தேவை. அதற்கென்றே படித்தவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இல்லாதது நேரம்.

டெல்லி எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6% பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள் என்றது அது. உதவி தேவைப்படும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் 5.7 கோடிப் பேர். பலரும் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. அதே அறிக்கையில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னோர் எண் உண்டு: மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேருக்கு ஒருவர். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் 180 பேருக்கு ஒருவர். சர்க்கரை நோயாளிகளில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் மருந்து கிடைக்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால் சட்டமன்றம் நடக்குமா?

டாஸ்மாக் வருவாய் 2024-25-ல் 48,344 கோடி ரூபாய். மதுவிலக்கு பற்றிப் பேச எனக்கு இப்போது எண்ணமில்லை. அந்த விவாதம் ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வந்து போகிறது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் நோயாளி நோயாளிதான். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கோடு கடைகளும் மூடியபோது இது கண்முன்னே தெரிந்தது. நாள் தவறாமல் குடித்துப் பழகிய உடம்புக்கு மது சட்டென்று நின்றால் முதல் நாளே கை நடுங்கும். வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட ஆரம்பிப்பார்கள். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கேரள அரசு என்ன செய்தது தெரியுமா? மருத்துவர் சீட்டு கொடுத்தால் மது வழங்கலாம் என்று ஆணையிட்டது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்த ஆணையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் குடியை நிறுத்துவது மருத்துவத்தின் வேலை என்பதை, தவறான மருந்தை எழுதியாவது, ஓர் அரசு ஒத்துக்கொண்டது அப்போதுதான்.

சரியான மருந்துகள் இருக்கின்றன. டயசிபாமோ குளோர்டயசிபாக்சைடோ முறைப்படி கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தால் நடுக்கம் அடங்கும். கூடவே பி1 வைட்டமினான தயமின் வேண்டும். மயங்கிக் கிடக்கும் குடிநோயாளியைத் தூக்கிவந்து "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று உறவினர்கள் நெருக்குவது அன்றாடக் காட்சி. தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், ஏற்கெனவே அந்த வைட்டமின் வற்றிப்போன மூளை நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. பாட்டிலோடு அந்த ஊசியும் போகிறதா என்று பார்ப்பது மருந்து அறையில் இருப்பவர் வேலையாக இருக்கலாம்.

நடுக்கம் அடங்கிய பிறகுதான் நிஜமான சிகிச்சை தொடங்குகிறது. அதற்கான மாத்திரைகளில் பழையது டைசல்ஃபிராம். ரப்பர் ஆலைகளில் புழங்கிய வேதிப்பொருள் அது. அதைக் கையாண்ட தொழிலாளர்களால் மதுவைத் தொட முடியவில்லை என்று 1930-களிலேயே கவனித்தவர்கள் உண்டு. பிற்பாடு டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடித் தாங்களே அதை விழுங்கிப் பார்த்து, பிறகு ஒரு விருந்தில் குடித்துத் தவித்து, அதன் பயனைக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை உள்ளே இருக்கும்போது மது இறங்கினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயமே மருந்து.

நம் ஊரில் இந்த மாத்திரைக்கு ஒரு துயரமான உபயோகம் உண்டு. மருந்துக் கடையில் நிற்கும்போது நீங்களும் கேட்டிருக்கலாம். கூட்டம் குறையும்வரை ஒதுங்கி நின்று, பிறகு மெல்லிய குரலில் ஒரு பெண் கேட்பார்: "குடிய நிறுத்துற மாத்திரை இருக்காமே தம்பி, சாப்பாட்டுல கலந்து குடுத்துடலாமா?" சுவரொட்டிகளும் 'அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்' என்றுதான் விளம்பரம் செய்கின்றன. குழம்பில் கலந்தது தெரியாமல் கணவர் அன்று மாலை குவார்ட்டர் அடித்தால், அதுவும் அவருக்கு இதய நோய் இருந்தால், அந்தக் குழம்பே எமனாகிவிடும். மருந்து கலந்தவர் மீது கொலைப்பழிகூட விழலாம். அந்தப் பெண்ணின் கையறு நிலையை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்ட இடம் சரியான இடம். "கலக்கக் கூடாதும்மா, அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்" என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா, அல்லது பத்தாவது படித்த பையன் அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெரிந்தே, சம்மதித்தே டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவருக்கும் சொல்ல வேண்டியது நிறைய. கடைசியாகக் குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆன பிறகே முதல் மாத்திரை. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை தொடரும். கல்லீரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இருமல் மருந்துகள் சிலவற்றில் சாராயம் உண்டு. வீட்டில் பாட்டி கொடுக்கும் அரிஷ்டத்திலும் உண்டு. ஊறிப் புளித்துத் தானாக உண்டாகும் மது அது. பல் வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படும் மெட்ரோனிடசோலை இதோடு சேர்த்தால் புத்தி பேதலிக்கும். இரண்டு நிமிட மருத்துவ ஆலோசனையில் இவ்வளவையும் எந்த மருத்துவர் சொல்லிவிட முடியும்?

நால்ட்ரெக்ஸோன் வேறு வழியில் போகிறது. பயமுறுத்தாது, குடித்தால் வரும் சுகத்தை மழுங்கடிக்கும். நாளுக்கு ஒன்று. ஆனால் மூட்டை தூக்குகிறவரோ கொத்தனாரோ உடம்பு வலிக்கு டிரமடால் போட்டுக்கொண்டிருந்தால், நால்ட்ரெக்ஸோன் விழுங்கிய சற்று நேரத்தில் வாந்தியும் வலியுமாகத் துடிப்பார். 'வேறு என்ன மாத்திரை போடறீங்க?' என்று கேட்டுப் பையைக் கொட்டிப் பார்க்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொந்தரவு செய்யாது, சிறுநீரகம் வழியே போகும். அதனால் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்கவோ அடியோடு தவிர்க்கவோ வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை வேறு. இரவு மாத்திரை ஒன்றையே விட்டுவிடுகிறவர் ஆறைப் போடுவாரா?

நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில்தான் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவை மாயம் செய்யும் மருந்துகள் அல்ல. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, பதினொரு பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் மறுபடி குடியில் விழுவதிலிருந்து கூடுதலாக ஒருவர் தப்புவார். நால்ட்ரெக்ஸோனுக்கு அந்தக் கணக்கு பதினெட்டு. குறைவு என்று தோன்றலாம். நாம் வருடக் கணக்கில் விழுங்கும் கொழுப்பு மாத்திரைகளின் கணக்கைப் பார்த்தால் இது மோசமே இல்லை.

ஆனாலும் குடிநோய்ச் சிகிச்சை என்றால் நம் மனதில் வருவது ஓர் இடம்: மறுவாழ்வு இல்லம். கேட்டில் பூட்டு, மாதக் கணக்கில் தங்கல், கட்டணம், உறவினர் நான்கு பேர் சேர்ந்து வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோய் விடுவது. நல்ல இல்லங்கள் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், குடி ஒரு நோய் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்த இடம். அப்படிப்பட்டவை கையளவு. மற்றவற்றில் சிலவற்றைப் பற்றி வரும் காவல் துறைச் செய்திகளை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சை என்றால் ஓர் இடத்தில் அடைத்துவைப்பது என்ற எண்ணத்தை உலகத்துக்கே உடைத்துக் காட்டியது இதே சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. அன்று காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதுதான் முக்கியம், எங்கே படுத்திருக்கிறார் என்பது அல்ல. பார்வையில் வைத்து மாத்திரை விழுங்கச் செய்யும் முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. காசநோய்க்கு நாம் கண்டுபிடித்ததைக் குடிநோய்க்கு எழுபது ஆண்டுகளாகப் பொருத்திப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் வேறு போதைகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஹெராயின் சாவுகளில் திணறிய ஃபிரான்ஸ், ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைச் சிறப்பு மையங்களில் பூட்டி வைக்காமல் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்கள் எழுதவும், தெருமுனை மருந்துக் கடைகள் கொடுக்கவும் அனுமதித்தது. தேவையானவர்கள் தினமும் கடைக்கு வந்து மருந்தாளுநர் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அளவு மீறிய போதையால் நேர்ந்த சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. பிரிட்டனில் 2006 முதல் தகுதி பெற்ற மருந்தாளுநர்கள் தாங்களே மருந்து எழுதலாம். அதே போன்ற மாற்று மருந்தான மெதடோனை அவர்கள் பார்வையில் குடிப்பது அங்கே பல கடைகளில் வழக்கம்.

அமெரிக்காவில் போதை மிகைப்பட்டு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்த காலத்தில், ரோட் ஐலண்டில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. 2023 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மருத்துவரோடு செய்துகொண்ட எழுத்துபூர்வ ஒப்பந்தத்தின்படி மருந்தாளுநர்களே புப்ரெனார்ஃபினைத் தொடங்கினார்கள். வந்த நூறு பேரில் நிலைப்பட்ட 58 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவைக் கடையிலேயே தொடரவிட்டார்கள். மற்றதை வழக்கமான கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்துச் சிகிச்சையில் நீடித்தவர்கள் கடையில் 89%, கிளினிக்கில் 17%. கிளினிக் மருத்துவர்கள் மட்டமானவர்கள் என்பதல்ல இதற்குப் பொருள். கடை பக்கத்தில் இருக்கிறது. போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஜன்னலுக்கும் இவை மூன்றும் பொருந்தும்.

எனக்குச் சாதகமான ஆய்வை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நேர்மையாக இருக்காது. லண்டனில் 407 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள்: கடைக்கு வருகிறவரிடம் மருந்தாளுநர் குடியைக் குறைப்பது பற்றிச் சில நிமிடம் பேசுவார். 2015-ல் முடிவு வந்தது. எந்தப் பலனும் இல்லை. ஒரு முறை பேசி அனுப்புவது அந்த "குறைச்சுக்கங்கய்யா"வின் ஆங்கில வடிவம், அவ்வளவுதான். அதே சமயம் கோவாவில், மருத்துவப் படிப்பே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 குடிகாரர்களிடம் நடத்திய ஆய்வு லான்செட் இதழில் 2017-ல் வந்தது. பேச்சு ஒரு முறையோடு நிற்கவில்லை. நான்கு அமர்வுகள் வரை போனது. மூன்று மாதத்தில் அபாயமில்லாத அளவுக்கு மீண்டவர்கள் 36%. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 26%. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. திரும்பத் திரும்ப வர ஒரு காரணம் வேண்டும். மாதாமாதம் மாத்திரைக்கு வருவது அந்தக் காரணம்.

கேள்வி கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் பத்துக் கேள்விகள். 'ஒரு நாளில் எத்தனை டிரிங்க்?' என்பது ஒன்று. அதை அப்படியே கேட்டால் நம் ஆள் முழிப்பார். "கட்டிங்கா, குவார்ட்டரா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். 180 மில்லி குவார்ட்டரில் 42.8% சாராயம். கணக்குப் போட்டால் 60 கிராம் சுத்த ஆல்கஹால். பத்து கிராம் ஒரு டிரிங்க் என்றால் ஆறு டிரிங்க். 'ஒரே தடவையில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை நாள்?' என்று பயமுறுத்தும் தொனியில் அந்த வினாத்தாள் கேட்பது, இங்கே "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்று அடக்கமாகச் சொல்லப்படும் அளவு.

புகையிலைக்கு வந்தால் வேலை இன்னும் எளிது, மருந்தாளுநருக்கு இன்னும் நெருக்கம். நிகோட்டின் மாற்று சிகிச்சை 2022-ல் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. 2 மில்லிகிராம் நிகோட்டின் மெல்லும் மாத்திரை சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் அதைச் சூயிங் கம் மாதிரி மென்று தள்ளுகிறார்கள். விக்கல், நெஞ்செரிச்சல், "இதெல்லாம் வேஸ்ட்டு" என்ற தீர்ப்பு, மறுபடி பீடி. உண்மையில் நாலு கடி கடித்து, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி கடி. முன்னால் கால் மணி நேரம் டீ, காபி கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் உறிஞ்சப்படாது. ஹான்ஸ் புகையிலையை ஒதுக்கிப் பழகியவருக்கு ஒதுக்கும் வித்தையைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. வாயால் ஒரு முறை செய்து காட்டினால் போதும்.

பீடியை நிறுத்தினால் இன்னொன்று நடக்கும். யாரும் எச்சரிப்பதில்லை. ஆஸ்துமாவுக்கு, நெஞ்சுச் சளிக்கு என்று நம் மருத்துவமனைகளில் காலம்காலமாகக் கொடுக்கும் டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் இருக்கிறது. புகையில் உள்ள வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாகக் கழிக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே மாத்திரை இப்போது ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். படபடப்பும் குமட்டலும் தூக்கமின்மையும் வந்து, "பீடியை விட்டதுலேர்ந்துதான் உடம்பு சரியில்ல" என்று மனிதர் மறுபடி பற்ற வைத்துவிடுவார். இதைக் கவனித்து அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவருக்கு ஒரு வரி எழுதுகிறவர்தான் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். நோயாளி பக்கம் நின்று மருந்தைப் பார்க்கிறவர்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இல்லை என்று சொல்ல முடியாது. 1990-களின் பிற்பகுதியிலேயே மைசூரிலும் ஊட்டியிலும் இதற்கான முதுநிலைப் படிப்பு தொடங்கிவிட்டது. 2008-ல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு வந்தது, கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. 2015-ல் வந்த மருந்தியல் தொழில்முறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதி வைத்தன. படித்து முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? மருந்து நிறுவனங்களின் ஆவண வேலைக்கு, வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்க, இல்லையென்றால் விமானம் ஏறுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்கென்று ஒரு பணியிடம் கிடையாது.

இனி எதிர்த்தரப்பு. முதல் எதிர்ப்பு கசப்பானது, உண்மையும்கூட. போதை மாத்திரை வழக்குகளில் வலி நிவாரணிகளையும் தூக்க மாத்திரைகளையும் விற்றதாகக் கைதாகிறவர்களில் மருந்துக் கடைக்காரர்களும் உண்டு. திருடன் கையில் சாவியா என்று கேட்கலாம். இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: சுவரில் தொங்கும் சான்றிதழின் சொந்தக்காரர் பல கடைகளில் இருப்பதே இல்லை. சான்றிதழ் வாடகைக்குப் போகிறது. ஆள் வேறு எங்கோ வேலை பார்க்கிறார். 2014 மார்ச் முதல், தூக்க மாத்திரைகளும் அடங்கும் எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம்; கையெழுத்துப் போட ஆள் இல்லாத கடையில் பதிவேடு எதைத் தடுக்கும்? எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. வெறும் ஸ்டாம்பாக நடத்தப்படுகிற படிப்பு வாடகைக்குத்தான் போகும். அந்த ஆள் கடையில் இருந்தால்தான் நடக்கும் என்கிற ஒரு வேலையைக் கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்துப் பாருங்கள். இருந்தும் தனியார் கடைகளிலிருந்து இதைத் தொடங்கக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அரசு நிலையங்களில் தொடங்க வேண்டும். பிறகு வேண்டுமானால் 2025 பிப்ரவரியில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைப் பார்க்கலாம்.

இரண்டாவது எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து வரும்: போலி வைத்தியத்துக்குக் கதவு திறக்கிறீர்களா? யாரும் அவர்கள் பேனாவைப் பிடுங்கச் சொல்லவில்லை. நோயைக் கண்டறிவதும் முதல் சீட்டு எழுதுவதும் மருத்துவர் வேலை. கல்லீரல் சோதனை முடிவு என்ன, அளவு சரியா, வேறு மாத்திரையோடு மோதுகிறதா, மாத்திரை மீந்ததா, போன வாரம் வரவில்லையே ஏன் என்று போன் செய்வது, எப்போது மறுபடி மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை மருந்தாளுநர் வேலை. மாவட்ட மனநலத் திட்டத்து மனநல மருத்துவர் மாதத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வருவார். சிக்கலானவர்களை அவர் பார்ப்பார். வலிப்பு வந்தவர், முன்பு புத்தி தடுமாறியவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் நேராகப் பெரிய மருத்துவமனைக்கு. இவ்வளவையும் நாலு பக்கத்தில் எழுதிவிடலாம்.

மூன்றாவது எதிர்ப்புக்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. வேலைப் பளு. ஒரு காலையில் இருநூறு பேருக்கு மாத்திரை எண்ணுகிறவரிடம் உட்கார்ந்து பேசச் சொல்வது கேலி. இருப்புப் பதிவேடு, காலாவதிப் பட்டியல், கணினிப் பதிவு எல்லாம் அவர் தலையில். ஆகவே இரண்டாவது ஆள் வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் இல்லாவிட்டாலும் வட்டாரத்துக்கு ஒரு ஃபார்ம்.டி., வாரத்தில் ஒரு நாள் ஒரு நிலையம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறார்கள். மீந்த அட்டை முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். அதை நோட்டில் குறிக்க ஒரு கட்டம் போட்டால், வட்டார மருந்தாளுநர் யாரை அழைத்துப் பேச வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். 48,344 கோடியில் இதற்கு ஆகும் செலவைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

அடுத்த மாதமும் அத்தைக்காகப் போனேன். அதே ஜன்னல், அதே வரிசை. கட்டட வேலைக்காரரைக் காணவில்லை. வேறு நாளில் வந்துபோயிருக்கலாம். வரிசை நகரும்வரை சும்மா இருக்காமல், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கும் அறைக்கும் எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கிறது. இப்போது அங்கே உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.